குழந்தையும் கொதிநீரும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

வீட்டில் சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் சூட்டுக் காயங்களைப் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நெருப்பைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் எல்லோரும் வெந்நீரையும் தேநீரையும் ஆவியையும் குளியல் தொட்டியையும் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். தீக்காயப் பிரிவில் பணியாற்றும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. நடக்கத் தொடங்கிய குழந்தைகள் எங்களிடம் வரும்போது, பெரும்பாலும் சூடான நீர்மம் ஏதோவொன்று மேலே கவிழ்ந்துதான் வருகிறார்கள். ஒரே பொருளில் அமைந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பதினான்கு மாதமான என் மகள், மேசை விளிம்பில் இருந்த தேநீர்க் கோப்பையை இழுத்துத் தன் மார்பின்மேல் கொட்டிக்கொண்டாள். வீட்டில் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னோம். தண்ணீர் பட்டால் கொப்புளம் வந்துவிடும் என்று ஒருவர் தடுத்தார், இன்னொருவர் பற்பசையைத் தடவினார். மருத்துவமனையில் அதைத் துடைத்து எடுப்பதற்கே நெடுநேரம் ஆயிற்று. நாங்கள் முதலில் என்ன செய்திருக்க வேண்டும்? — ஒரு தாய்

பதில்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு அருகிலிருக்கும் குழாயடிக்குப் போயிருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சூடான நீர்மம் வழிந்து போய்விட்டாலும், அது கொடுத்த வெப்பம் தோலுக்குள்ளேயே தங்கி, கீழுள்ள அடுக்குகளைத் தொடர்ந்து வேகவைத்துக்கொண்டிருக்கிறது. ஓடும் குழாய் நீர் அந்த வெப்பத்தை வெளியே எடுத்துவிடுகிறது, வலியைக் குறைக்கிறது, சுற்றியுள்ள, உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் திசுவைக் காப்பாற்றுகிறது. காயம் எவ்வளவு ஆழத்துக்குப் போகும், பின்னால் தோல் ஒட்டு அறுவை தேவைப்படுமா என்பதெல்லாம் ஓரளவுக்கு இந்தக் குழாயடியில்தான் முடிவாகிறது. நேரம் 20 நிமிடங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபது நிமிடமாகத் தோன்றும், குழந்தையும் அலறும், 'போதும் விடு' என்று பக்கத்திலிருப்பவர்களும் சொல்வார்கள். ஏதோ காரணத்தால் உடனே செய்ய முடியாமல் போயிருந்தால், காயம் பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். வழியிலேயே பாதி நேரம் போய்விட்டதே என்று அதைக் கைவிட வேண்டியதில்லை.

நீர் ஓடத் தொடங்கும்போதே உடையைக் கழற்றுங்கள். நனைந்த துணி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டியிருக்கும். குழந்தைக்குக் கட்டியிருக்கும் அணையாடை அதைவிட மோசம், ஏனென்றால் வயிற்றில் வழிந்த வெந்நீரை அது உறிஞ்சித் தொடையிடுக்கில் தேக்கி வைத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளையல், மோதிரம், காலில் இருப்பவை ஆகியவற்றையும் வீக்கம் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தோலோடு உருகி ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்காதீர்கள். அதன்மேலேயே நீரை விடலாம்.

பனிக்கட்டி கூடாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே அடிபட்டிருக்கும் திசுவுக்குப் போகும் இரத்தத்தையும் நிறுத்திவிடும். சிறு குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்துபோகும் என்பதால், காயத்தின்மேல் மட்டும் நீர் விழும்படி வைத்து, மற்ற பகுதிகளைத் துண்டால் போர்த்திக்கொள்ளுங்கள். காயத்தைக் குளிர்விக்க வேண்டும், குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். காயம் பெரிதாக இருந்து, குழந்தை நடுங்கத் தொடங்கினாலோ சோர்ந்து போனாலோ, 20 நிமிடக் கணக்கைப் பார்க்காமல் நிறுத்திவிட்டு, போர்த்திக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ஓடும் நீர் இல்லாத இடத்தில், குவளையால் மொண்டு ஊற்றலாம். அதுவும் முடியாவிட்டால் நனைத்த துணியை வைத்து ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றலாம்.

கொப்புளம் தண்ணீரால் வருவதன்று, வெப்பத்தால் வருவது. நீர் ஊற்றிய பிறகு அது கண்ணுக்குத் தெரிவதால் நீரின்மேல் பழி விழுகிறது. பற்பசை, எண்ணெய், வெண்ணெய், முட்டையின் வெள்ளைக்கரு, மாவு, மை எதுவாயினும் இரண்டு கேடுகளைச் செய்கிறது: சூட்டை உள்ளே அடைத்து வைக்கிறது, காயத்தின் ஆழத்தை எங்கள் கண்ணிலிருந்து மறைக்கிறது. பிறகு அதைத் துடைத்து எடுக்கும்போது குழந்தை இரண்டாவது முறையாக வேதனைப்படுகிறது. உங்கள் மகளுக்கு நடந்தது அதுதான்.

குளிர்வித்து முடித்ததும், உணவுப் பொருள்களை மூடப் பயன்படும் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஒரு படலமாகக் காயத்தின் நீளவாக்கில் வைத்து மூடலாம். கையையோ காலையோ சுற்றிச் சுற்றிக் கட்டக் கூடாது; வீங்கும்போது அது இறுக்கிவிடும். அந்தத் தாள் புண்ணில் ஒட்டாது, காற்றுப் படாமல் தடுப்பதால் வலியைக் குறைக்கும், மருத்துவர் அதைப் பிரிக்காமலே பார்க்கவும் முடியும். இல்லையென்றால் சுத்தமான, பஞ்சிழைகள் உதிராத துணி போதும்.

கேள்வி: நான் பொறியாளன். கோப்பையில் இருந்தது கொதிக்கும் நீர் அன்று. ஊற்றி வைத்துச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன, பெரியவர்கள் குடிக்கும் சூடுதான். அதில் பாதிக் கோப்பை எப்படி இவ்வளவு பெரிய புண்ணை உண்டாக்கும்? — மேலே எழுதிய தாயின் கணவர்

பதில்: உங்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் இன்றைக்கும் இந்தத் துறைக்கு அடிப்படை. பெரியவர்களின் தோலில் ஆழ்ந்த காயம் உண்டாவதற்கு 49 டிகிரி செல்சியஸ் நீர் பல நிமிடங்கள் பட வேண்டும். 55 டிகிரியில் ஏறத்தாழ அரை நிமிடம். 60 டிகிரியில் ஏறத்தாழ 5 நொடிகள். 70 டிகிரியைத் தொட்டால் ஒரு நொடியே போதும். வெப்பம் சீராக ஏற ஏற, தாங்கும் நேரம் சீராகக் குறையாமல் சரிவில் உருளுவதுபோலக் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். கோப்பையில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஆன தேநீரும் குழந்தையின் தோலை வேகவைக்கப் போதுமான சூட்டோடு இருக்கலாம்.

இந்த எண்கள் பெரியவர்களுக்கு உரியவை. குழந்தையின் தோல் மெல்லியது. அதே வெப்பம் இன்னும் குறைந்த நேரத்தில் இன்னும் ஆழமாக இறங்கும். நாம் சுட்டவுடன் கையை இழுத்துக்கொள்கிறோம். பதினான்கு மாதக் குழந்தை அதிர்ந்து, அப்படியே நின்று அழும். அதன் உடலும் சிறியது என்பதால், உங்கள் முழங்கையை மட்டும் நனைக்கக்கூடிய அளவு நீர் அதன் முகம், கழுத்து, மார்பு, தோள் எல்லாவற்றிலும் பரவிவிடும். மேலே எட்டி இழுக்கும் குழந்தைகளின் காயம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும்: முகவாயிலும் கழுத்திலும் ஆழமாகத் தொடங்கி, கீழே வரவரக் குறைந்து அம்புமுனைபோல முடியும். வழிந்து இறங்கும்போது நீர் ஆறுகிறது அல்லவா, அதன் தடம்தான் அது. எண்ணெயும் கெட்டியான உணவும் கொட்டினால் இன்னும் மோசம். எண்ணெய் நீரைவிட மிக அதிகமான வெப்பத்தை எட்டக்கூடியது, கெட்டியானவை வழிந்தோடாமல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடியவை.

கேள்வி: கொப்புளத்தை உடைக்கலாமா? — இரண்டு வாசகிகள்

பதில்: வீட்டில் உடைக்காதீர்கள். மூடியிருக்கும் கொப்புளம் கிருமி நுழையாத ஒரு கட்டு. பெரிதாகவோ மூட்டின்மேலோ இருந்தால் தூய்மையான சூழலில் நாங்கள் அகற்றுவோம், அடியில் இருக்கும் தோலின் ஆழத்தைப் பார்ப்பதற்காகவும் அகற்றுவது உண்டு. தானாக உடைந்துவிட்டால், சுத்தமான நீரால் கழுவி மூடிக்கொண்டு காட்ட வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை வெகுதூரம். பேரனுக்குக் காயம் பட்டால், எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே புறப்பட வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? — ஒரு தாத்தா

பதில்: ஐயா, அளவுகோல் உங்கள் பேரனிடமே இருக்கிறது. விரல்களைச் சேர்த்து வைத்த அவனுடைய உள்ளங்கை, அவன் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. உங்கள் உள்ளங்கையை வைத்து அளந்துவிடாதீர்கள், அவனுடையதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். வெறுமனே சிவந்திருக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்காமல், கொப்புளித்த, தோல் உரிந்த, நிறம் மாறிய இடத்தை மட்டும் அளந்து பாருங்கள். குழந்தைகளுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டினால் காயத்தின் வழியே உடல் நீரை இழந்து அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். இரத்தக் குழாய் வழியாக நீர்மம் ஏற்ற வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு அந்த எல்லை 15.

உடலை ஒன்பது ஒன்பது விழுக்காட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காயத்தை அளக்கும், பெரியவர்களுக்குச் சொல்லப்படும் 'ஒன்பதின் கணக்கு' குழந்தைக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதலுதவி வகுப்புக்குப் போய்வந்தவர்கள் அதைச் சொல்லிக் குழப்புவது உண்டு. கைக்குழந்தைக்குத் தலையும் கழுத்தும் மட்டுமே உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு; பெரியவருக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வேறுபாட்டை வயதுவாரியாகக் காட்டும் லண்ட், பிரௌடர் அட்டவணை 1944இல் வந்தது. குழந்தைகளுக்கு நாங்கள் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

அளவு சிறிதாக இருந்தாலும் சில இடங்கள் உண்டு, அவற்றில் பட்டால் காத்திருக்கவே கூடாது: முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகள், விரலையோ கையையோ முழு வளையமாகச் சுற்றிய காயம். மின்சாரத்தாலும் வேதிப்பொருளாலும் பட்ட காயம், புகையைச் சுவாசித்த குழந்தை, ஒரு வயது நிறையாத குழந்தை ஆகியவற்றுக்கும் அதே விதிதான். குழந்தையின் உள்ளங்கை அளவைத் தாண்டிய கொப்புளப் புண் எதையும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வலியை வைத்துக் காயத்தை எடைபோடாதீர்கள். மேலோட்டமான காயத்தில் நரம்பு முனைகள் உயிரோடு இருப்பதால் வலி கடுமையாக இருக்கும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ பதனிட்ட தோல்போல விறைத்து, தொட்டால் குழந்தை அழாமல் இருந்தால், 'பரவாயில்லை, வலிக்கவில்லை' என்று ஆறுதல் கொள்வார்கள். அந்த இடத்தில் நரம்புகளும் சேர்ந்து எரிந்துவிட்டன என்பதே அதன் பொருள். மேலும், முதல் நாளில் மேலோட்டமாகத் தெரிந்த காயம் இரண்டு மூன்று நாளில் ஆழமாகி நிற்பது உண்டு. மறுநாள் மீண்டும் வரச் சொல்வது அதற்காகத்தான், தவறாமல் போங்கள்.

தொலைவு அதிகம் என்பதால் புறப்படுவதற்கு முன் 20 நிமிடம் குளிர்விக்கத் தயங்குவீர்கள். குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது, விழிப்பாக இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். வண்டியை ஏற்பாடு செய்யும் நேரமே அதற்குப் போதும். வலிக்குப் பாராசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில், கொடுக்கலாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று கட்டாயம் கேட்பார்கள்.

கேள்வி: என் தங்கையின் இரண்டு வயது மகனுக்குக் கையில் சிறிய கொதிநீர்ப் புண். மருந்திட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கடும் காய்ச்சல் வந்தது. புண் சுத்தமாகத்தான் இருக்கிறது, காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உறவினர்கள் சொன்னார்கள். தங்கை கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து இப்போது வீடு திரும்பிவிட்டான். இது என்ன? — ஒரு பெரியம்மா

பதில்: உங்கள் தங்கைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குழந்தையை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது நச்சு அதிர்ச்சி நோய்க்குறித் தொகுதியைப் போல இருக்கிறது. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி புண்ணில் குடியேறி ஒரு நச்சைச் சுரக்கிறது. பெரியவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் அந்த நச்சுக்கு எதிரான பொருள் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு இன்னும் உருவாகியிருக்காது. ஆகவே புண்ணின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் இங்கே பொருத்தமில்லை: சிறிய புண், சீழில்லை, நாற்றமில்லை, ஆனால் குழந்தை சில மணி நேரத்தில் சரிந்துவிடுகிறது.

அரிதான நோய்தான். இருந்தாலும் சூட்டுக் காயம் பட்ட ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரிடமும் நான் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். காயம் பட்ட முதல் சில நாள்களில், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், உயர்ந்த காய்ச்சல், உடலெங்கும் சிவந்த தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும், அது இரவு இரண்டு மணியானாலும் புறப்பட்டுவிட வேண்டும். போன இடத்தில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "குழந்தைக்குச் சூட்டுக் காயம் பட்டு இத்தனை நாள் ஆகிறது." கட்டுக்குள் மறைந்திருக்கும் சிறிய புண்ணைச் சொல்லாமல் விட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உணவால் வந்தது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

கேள்வி: குழந்தையைக் குளிப்பாட்டும் நீர் எவ்வளவு சூடாக இருக்கலாம்? கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். — ஒரு தந்தை

பதில்: 37 அல்லது 38 டிகிரி, அதாவது உடலின் வெப்பம். உள்ளங்கை பல சூடுகளுக்குப் பழகிப்போனது. முழங்கையையோ மணிக்கட்டின் உட்புறத்தையோ விட்டுப் பாருங்கள். இளஞ்சூடாகக்கூடத் தோன்றக் கூடாது, நீர் இருப்பதே தெரியாத அளவில் இருக்க வேண்டும்.

ஊற்றும் வரிசை இதைவிட முக்கியம். முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர். வெந்நீரை முதலில் நிரப்பிவிட்டுக் குளிர்நீர் எடுக்கத் திரும்பும் அந்த அரை நிமிடத்தில்தான் குழந்தை உள்ளே கையை விடுகிறது, அல்லது தலைகுப்புற விழுகிறது. விழுந்து மூழ்கிய காயம் கோப்பை கவிழ்ந்த காயத்தைவிடப் பல மடங்கு கொடியது, ஏனென்றால் அதில் நீர் வழிந்து ஆறுவதற்கு வழியே இல்லை. நீர்சூடேற்றியில் வெப்பத்தைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் 49 டிகிரியில் நிறுத்துங்கள்; மேலே சொன்ன கணக்கின்படி, அது சில நொடிகளை நிமிடங்களாக மாற்றித் தருகிறது. சேமிப்புத் தொட்டியுள்ள பெரிய அமைப்புகளில் கிருமி வளராதிருக்க நீரை 60 டிகிரியில் வைப்பார்கள். அங்கே குழாய்க்கு முன்பாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு பொருத்துவதே வழி. பெரிய குழந்தையிடம் 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். குழாயைத் திருப்பிவிட்டது அந்தப் பெரிய குழந்தைதான் என்று சொல்லும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: சளி பிடித்தால் குழந்தைக்கு ஆவி பிடிக்க வைப்பது பாதுகாப்பானதா? — ஒரு பாட்டி

பதில்: வேண்டாம், அம்மா. கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தை மடிக்கு அருகில் வைத்து, மூச்சு முட்டும் குழந்தையைத் துணிக்குள் மூடினால் அது திமிறும். பாத்திரம் தொடையின்மேலும் பிறப்புறுப்பின்மேலும் கவிழும். இப்படி வந்த குழந்தைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆவி பிடிப்பதால் சளி விரைவில் குணமாகும் என்பதற்குத் தக்க சான்றும் இல்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை மின்கம்பியைக் கடித்துவிட்டது. உதட்டின் ஓரத்தில் சிறிய வெண்புண் மட்டுமே இருக்கிறது, நன்றாக விளையாடுகிறான். மருத்துவர் ஏன் இரண்டு வாரம் கண்காணிக்கச் சொல்கிறார்? — ஒரு தாய்

பதில்: அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். மின்சாரம் பாய்ந்த இடத்தில் உதட்டுக்குள் ஓடும் தமனியின் சுவரும் வெந்திருக்கக்கூடும். மேலே படிந்த பொருக்கு, பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் உதிரும்போது, அந்தத் தமனி திறந்து இரத்தம் கொட்டலாம். அப்படி நேர்ந்தால் உதட்டின் ஓரத்தை உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பிடியைக் கற்றுக்கொடுத்து வையுங்கள். இரவில் அருகில் ஒருவர் படுத்திருக்கட்டும். இன்னொரு முறை இப்படி நேர்வதைக் கண்டால், குழந்தையைத் தொடுவதற்கு முன் மின்னிணைப்பைத் துண்டியுங்கள்.

கேள்வி: என் குழந்தைக்குக் காயம் பட்டு ஆறு மாதமாகிறது. 'நீ என்ன செய்துகொண்டிருந்தாய்' என்று கேட்காத உறவினர் இல்லை. நான் அதே அறையில்தான் இருந்தேன், இரண்டடி தூரத்தில். முந்தின நாள் வரை அவனுக்கு அந்த மேசை எட்டாது. உண்மையில் நான் கவனக்குறைவானவள்தானா? — பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: "முந்தின நாள் வரை எட்டாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை குழந்தையின் திறன் நாளுக்கு நாள் மாறுகிறது. திங்கட்கிழமை பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை, வெள்ளிக்கிழமை ஒரு கையை விட்டு மேலே துழாவுகிறது. வீட்டின் ஏற்பாடுகளோ போன மாதத்துக் குழந்தைக்காகச் செய்யப்பட்டவையாக அப்படியே நிற்கின்றன. இந்த இடைவெளிக்குள்தான் விபத்து நேர்கிறது. குழந்தைக்குக் கண்ணில் படுவது கோப்பை. அதற்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, ஒருமுறை சுட்டதை நினைவில் வைத்து அடுத்தமுறை ஒதுங்கும் வயதும் அதற்கு வரவில்லை. பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்கும்போதே பெரும்பாலான கொதிநீர்க் காயங்கள் நேர்கின்றன. கோப்பை சரிவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. இரண்டடி தூரத்தைக் கடக்க உங்களுக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும்.

ஆகவே 'இன்னும் கவனமாக இரு' என்று உங்களுக்கு அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் விழிப்பாக இருக்கக்கூடிய மனிதர் யாருமில்லை. கவனம் தவறினாலும் காயம் படாதபடி வீட்டை மாற்றுவதுதான் செய்யக்கூடியது. அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் குழந்தை வராத எல்லை ஒன்றைத் தடுப்புக் கதவாலோ பலகையாலோ அமையுங்கள். பின்பக்க அடுப்பை முதலில் பயன்படுத்துங்கள், பாத்திரத்தின் கைப்பிடியை உட்புறம் திருப்பி வையுங்கள். மின்கெண்டியின் கம்பி மேசையிலிருந்து தொங்கக் கூடாது. மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள். நிற்கப் பழகும் குழந்தைக்கு அது பிடித்து ஏறும் கயிறு. மடியில் குழந்தை இருக்கும்போது சூடான பானத்தைக் கையில் எடுக்காதீர்கள், எடுத்தாக வேண்டுமென்றால் மூடியுள்ள குவளையில் எடுங்கள். துணி தேய்க்கும் பெட்டியும் முடியை நேராக்கும் கருவியும் இணைப்பைத் துண்டித்த பிறகும் நெடுநேரம் சுடும். அவற்றை ஆறவைக்க ஓர் உயரமான இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். நுண்ணலை அடுப்பில் பால் புட்டியைச் சூடாக்கினால், புட்டி தொடுவதற்கு மிதமாகவும் உள்ளே சில இடங்களில் பால் கொதிநிலையிலும் இருக்கும். அதை விட்டுவிட்டு வெந்நீரில் புட்டியை வைத்துச் சூடாக்கி, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சக்கரம் வைத்த நடைவண்டியைத் தயவுசெய்து வாங்காதீர்கள், யாராவது பரிசாகக் கொடுத்தால் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். நடக்கத் தெரியாத குழந்தைக்கு அது வேகத்தையும் உயரத்தையும் ஒருசேரக் கொடுத்துவிடுகிறது. கனடா 2004ஆம் ஆண்டிலேயே அவற்றின் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயங்களாலும் சூட்டுக் காயங்களாலும் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, குறைந்த வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாட்டுத் தாய்மார்கள் மற்றவர்களைவிடக் கவனம் குறைந்தவர்களா என்ன? தரையிலேயே அடுப்பு, ஒரே அறையில் சமையலும் உறக்கமும், தண்ணீர் சூடாக்கத் தனிக் கருவி இல்லாமை, இவைதான் வேறுபாடு. உறவினர்கள் அடுத்தமுறை கேட்டால் இதைச் சொல்லுங்கள். நீங்கள் இரவில் உறக்கமின்றி அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அதற்கும் சிகிச்சை உண்டு. குழந்தையின் மருத்துவரிடமே சொல்லலாம்.

கேள்வி: சூடான கண்ணாடிக் கதவைத் தொட்டதால் என் மகனின் உள்ளங்கை வெந்துபோயிற்று. இப்போது புண் ஆறிவிட்டது. ஆனால் தழும்பு நாளுக்கு நாள் தடித்து, சிவந்து, இரவெல்லாம் அரிக்கிறது. எந்தக் களிம்பு போட்டால் மறையும்? — ஒரு தந்தை

பதில்: மறைக்கும் களிம்பு என்று ஒன்று இல்லை, அப்படிச் சொல்லி விற்பதை வாங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் ஆறிய புண் பொதுவாகத் தடிப்பதில்லை, மூன்று வாரத்தைத் தாண்டி ஆறியது தடிக்க வாய்ப்பு அதிகம். தடித்த தழும்பு முதல் சில மாதங்கள் வளர்ந்து, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து, வெளிறி, அடங்குவதற்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு ஆகும். அதுவரை மணமில்லாத ஈரப்பதக் களிம்பு எதையாவது தடவி, நாளுக்குப் பலமுறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அரிப்பு குறைவதற்கும் அதுவே முதல் வழி. சிலிகான் பட்டையும் அழுத்த உறையும் மருத்துவர் சொன்னால் பயன்படுத்தலாம். அழுத்த உறை ஏறத்தாழ நாள் முழுவதும் அணிந்தால்தான் பயன் தரும். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதுத் தோல் எளிதில் கறுத்துவிடும்.

எனக்குக் கவலை தழும்பின் தோற்றத்தைப் பற்றியது அன்று, அது உள்ளங்கையில் இருக்கிறது என்பதுதான். தழும்புத் தோல் சுருங்கும், கை வளரும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால், விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடங்கத் தொடங்கலாம். இரவில் விரல்களை நீட்டி வைக்கும் தாங்கியும், பகலில் இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சியும் அதற்காகத்தான். மேசையின்மேல் கையை விரித்து வைக்கச் சொல்லி வாரம் ஒருமுறை பாருங்கள். உள்ளங்கை முழுவதும் பலகையில் படிகிறதா, எந்த விரலாவது தூக்கி நிற்கிறதா என்று கவனித்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் உடனே தெரியும். விரல் தூக்கத் தொடங்கினால் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும், அவன் வேகமாக உயரும் வயதுகளில், அதாவது இப்போதிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரை, ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தக் கையைத் தீக்காயப் பிரிவில் காட்டிக்கொண்டிருங்கள்.